ஊரார் வாக்கும் ஒருவன் உயிரும்

நூறு பேர் கூடுகிறார்கள். கூடி, நூற்றோராவது ஆளை நோக்கி, "போருக்குப் போ, பொருது மடி, இது எங்கள் அனைவரின் முடிவு" என்கிறார்கள். நூறு பெரிது, ஒன்று சிறிது. கணக்கு அப்படித்தான் கூறும். அறமும் அப்படித்தான் கூறுமா? எண்ணிக்கை ஏற ஏற, நியாயமும் ஏறிக்கொண்டே போகுமா?

மக்களின் வாக்கை மாண்புடையதெனக் கருதுபவர் நாம். மன்னன் வாய்மொழியே சட்டம் என்ற காலத்தை மாற்றி, மக்கள் மனமே சட்டம் என்ற காலத்தைக் கொணர எத்துணைப் பேர் இரத்தம் சிந்தினர் என்பதை அறிந்தவர் நாம். அதனாலேயே இந்த வினாவை ஒதுக்கிவிட்டுச் செல்ல நமக்கு உரிமை இல்லை. மாளிகை மஞ்சத்திலே சாய்ந்து, பொழுது போக்கப் புலவர் எழுப்பிய வினாவன்று இது. ஐம்பது இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட ஒரு நாடு, வீட்டிலும் வீதியிலும், ஆலையிலும் ஆலயத்திலும் வாதாடி, வாக்குச் சீட்டால் விடையளித்த வினா. ஒரு முறையன்று, இரு முறை! நாடு ஆஸ்திரேலியா. ஆண்டுகள் 1916, 1917.

முதல் உலகப் போரிலே ஆஸ்திரேலியாவின் பெயர் சென்னை மக்களின் செவியிலே விழுந்தது கடல் வழியாக. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலோரத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. நகரம் நடுங்கிற்று, கிலி பிடித்தவர்கள் கிராமங்களை நோக்கி ஓடினர், எத்தனாக இருப்பவனை 'எம்டன்' என்றழைக்கும் வழக்கும் தமிழிலே குடியேறிற்று. அந்த எம்டனை நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே மடக்கிச் சிதைத்தது 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல். பீரங்கியால் பெற்ற அந்த வெற்றியைப் பலர் அறிவர். பீரங்கியின்றி, வாக்குச் சீட்டையே படைக்கலனாக்கி, அந்நாட்டு மக்கள் தமக்குள்ளே நடத்திய போரைச் சிலரே அறிவர். பின்னதே நமக்குப் பாடம்.

ஆஸ்திரேலியாவின் 1903ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டுக்குள்ளே காவல் புரியக் குடிமகனைக் கட்டாயப்படுத்தலாம். கடல் கடந்து போரிடக் கட்டாயப்படுத்த முடியாது. எனவே கலிப்பொலிக்குச் சென்றவரும், பிரான்சின் பதுங்கு குழிகளுக்குச் சென்றவரும் தாமே முன்வந்தவர்கள். போர் முடிவதற்குள் அப்படிப் பெயர் கொடுத்தோர் தொகை 4 இலட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டிற்று. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர்.

1916 ஜூலையிலே பிராமெல் களத்தில் ஒரே இரவில் 5,500க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் பிடிபட்டும் போயினர். அடுத்து வந்த போசியேர் களத்தில் ஏழு வாரத்துக்குள் அத்தகைய இழப்பு 23,000. இழப்புப் பட்டியல் நீண்டது. சேருவோர் வரிசை குறுகிற்று. பிரிட்டனிலே அவ்வாண்டு ஜனவரியிலேயே கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்துவிட்டது. "இங்கும் வேண்டும்" என்றார் பிரதமர் பில்லி ஹியூஸ். யார் இவர்? துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலே வளர்ந்தவர், தொழிற்கட்சியின் தலைவர்! அவரது கட்சியே அவரோடு ஒன்றி நிற்கவில்லை. ஆகவே மக்களிடம் கேட்பதென முடிவாயிற்று.

கேட்டார், ஆனால் எப்படிக் கேட்டார்? உள்நாட்டுப் பணிக்கு அரசுக்குள்ள அதே அதிகாரத்தை, இந்த நெருக்கடியிலே, வெளிநாட்டுப் பணிக்கும் நீட்டிக்கலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டது 1916ஆம் ஆண்டுச் சீட்டு. 1917ஆம் ஆண்டுச் சீட்டோ, வெளிநாட்டிலுள்ள படைக்கு வலுவூட்டும் அரசுத் திட்டத்துக்கு ஆதரவு உண்டா என்று மட்டும் கேட்டது. 'கட்டாயம்' என்ற சொல்லே அதில் இல்லை! கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பர். இங்கே கட்டாயத்தைக் கனிமொழியில் குழைத்துக் கொடுத்தனர். செய்யத் துணிந்த செயலைச் சொல்லத் துணியாத இடத்தில் ஐயம் கொள்வது பகுத்தறிவின் முதற்கடமை.

நாடு இரண்டாகப் பிளந்தது. சீருடை அணியாது தெருவில் சென்ற இளைஞனிடம், கோழை என்று பழித்து வெள்ளிறகை நீட்டியவர்கள் இருந்தனர். எதிர்த்துப் பேசியோர்மீது போர்க்காலச் சட்டங்கள் பாய்ந்தன. ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. பெண்களின் அமைதிப் படையை அமைத்து விடா கோல்ட்ஸ்டைன் முழங்கினார், மெல்போர்னிலே கத்தோலிக்க மேற்றிராணியார் டேனியல் மானிக்ஸ் எதிர்த்து நின்றார், தொழிற்சங்கங்கள் திரண்டன. ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்பும் சீட்டிலே கோடிட்டுவிட்டு, உறக்கமிழந்து உழலும் பெண்ணைக் காட்டிய துண்டறிக்கைப் பாடலொன்று ஊரெங்கும் பரவிற்று.

1916 அக்டோபர் 28: ஆம் என்றோர் 10,87,557, இல்லை என்றோர் 11,60,033. ஹியூசின் கட்சி உடைந்தது. அவர் எதிரணியினரோடு கூடிப் புதுக்கட்சி கண்டார். அதிகாரம் தராவிடில் ஆளமாட்டேன் என்று சூளுரைத்து மீண்டும் கேட்டார். 1917 டிசம்பர் 20: ஆம் 10,15,159, இல்லை 11,81,747. முன்னைவிடப் பெரிய தோல்வி! சூளின்படி 1918 ஜனவரியில் பதவி விலகினார். வேறெவராலும் அரசமைக்க இயலவில்லை என்பதால் மீண்டும் அவரே பிரதமராக்கப்பட்டார். அதிகாரம் கிட்டாமலே ஆண்டார். கட்டாயம் இன்றியே போரும் முடிந்தது.

இனி வழக்கை ஆராய்வோம். எதிர்வாதியின் வாதத்தை வலுவாக எடுத்துரைக்காமல் வெற்றி கொண்டாடுவது நேர்மையன்று.

அவர்கள் கேட்டனர்: "நாட்டின் நன்மையை அனைவரும் துய்க்கிறோம், சுமையை மட்டும் சிலர் தாங்குவதா? நல்லவன் முன்வந்து நெஞ்சிலே குண்டு ஏற்பான். நழுவுபவன் வீட்டிலே நிம்மதியாக உறங்குவானா? வரியைக் கட்டாயமாக வாங்கவில்லையா? படைச்சேவை மட்டும் ஏன் விருப்பத்தைப் பொறுத்தது?"

வலுவான வாதம்தான். சமநீதியின் உடையணிந்து வருவதால், நம்போன்றோர் உள்ளத்தையும் தொடும். ஆனால் உடையை விலக்கிப் பாருங்கள்! வரி, ஒருவன் உடைமையிலே ஒரு பகுதியைக் கேட்பது. தவறாக வாங்கிவிட்டால் திருப்பித் தரலாம். உயிரை வாங்கிவிட்டு, "கணக்கிலே பிழை நேர்ந்துவிட்டது, இந்தாருங்கள்" என்று எந்தக் கருவூலம் திருப்பித் தரும்? அதுமட்டுமன்று. போர்வீரனிடம் கேட்பது அவன் உயிரை மட்டுமல்ல. பிறர் உயிரைப் பறிக்கும் கையையும் கேட்கிறார்கள். சாகச் சொல்வது ஒன்று. கொல்லச் சொல்வது இன்னொன்று. கொல்லமாட்டேன் எனும் மனிதனின் கையிலே துப்பாக்கியைத் திணித்தபின், அங்கே நிற்பவன் குடிமகனா, கருவியா?

அண்டை நாடான நியூசிலாந்து 1916இல் கட்டாயச் சட்டம் இயற்றிற்று. மறுத்தவர்களில் பதினால்வரை 1917இல் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்பிற்று. அவர்களுள் ஒருவரான ஆர்ச்சிபால்ட் பாக்ஸ்டரைப் போர்முனையருகே கம்பத்திலே கட்டிவைத்துத் தண்டித்தனர். சமநீதி என்று தொடங்கியது, கம்பத்திலும் கயிற்றிலும் போய் முடிந்தது! மனச்சான்றை மடக்கக் கிளம்பும் அதிகாரம், இடையிலே நிற்பதில்லை.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1916ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வேறுபாடு 72,476. அதாவது 36,239 பேர் கோட்டை மாற்றி இட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். மாறியிருந்தால்? அக்டோபர் 27இல் அநீதியாக இருந்தது 28இல் நீதியாகியிருக்குமா? மழை பெய்து ஓர் ஊரார் வாக்களிக்க வராவிட்டால், அறம் இடம் பெயர்ந்துவிடுமா? வாக்கு, யார் ஆளவேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். எந்தப் பாதை, எந்தப் பாலம், எந்தப் பள்ளி என்பதைத் தீர்மானிக்கலாம். ஒருவன் மனச்சான்றுக்கு உரியவன் அவனா, அரசா என்பதைத் தீர்மானிக்க வாக்குக்கு வலுவில்லை. தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவன் விற்க முடியாது. பத்து இலட்சம் பேர் சேர்ந்தாலும் விற்க முடியாது.

களம் கண்டவர்கள் என்ன சொன்னார்கள்? 1916இல் படையினரின் வாக்குகளிலே ஆம் 72,399, இல்லை 58,894. ஆம் என்றவர் மிகுதி, மறைக்கவில்லை. ஆனால் சீருடையிலே இருந்துகொண்டு, துணைக்கு ஆள் வந்தால் தம் சுமை குறையும் என்றறிந்தும், ஏறத்தாழ 59,000 பேர் "கட்டி இழுத்து வராதீர்" என்றார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு ஈடேது? தாமே வந்தவர்கள் அவர்கள். தாமே வராதவனை வெறுக்க மறுத்தார்கள்.

இவ்வளவும் கூறிவிட்டுக் கைதட்டிக் கலைந்துவிடலாம். ஆனால் வெற்றியிலே படிந்திருக்கும் கறையையும் காட்டாவிடில் நாம் பகுத்தறிவாளரல்லர், பாணர்கள்!

'இல்லை' என்றவர்கள் எல்லாரும் மனித உரிமையை எண்ணியா சொன்னார்கள்? இல்லை. "வெள்ளையர் போருக்குப் போய்விட்டால், அவர்கள் வேலைக்குக் கருநிறத்தாரும் மஞ்சள் நிறத்தாரும் வந்துவிடுவர்" என்ற அச்சமும் அந்த மேடைகளிலே விற்கப்பட்டது. வெள்ளையரல்லாதாரை உள்ளே விடாதிருக்க, 1901ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐரோப்பிய மொழியொன்றில் எழுத்துத் தேர்வு வைத்திருந்தது. 1916 வாக்கெடுப்பு நெருங்கிய வேளையிலே, மால்டா தீவினர் 214 பேர் கப்பலில் வந்தனர். அவர்களும் பிரிட்டிஷ் முடியின் குடிமக்களே. எதிரணிக்கு வாய்ப்பளிக்கலாகாதென்று, ஹியூஸ் அரசு அவர்களுக்கு டச்சு மொழியிலே தேர்வு வைத்துத் தள்ளிற்று! ஒரு சாரார் அச்சத்தை விதைத்தனர். மறு சாரார் அதற்கு நீர் வார்த்தனர்.

அம்மண்ணின் ஆதிக்குடியினர் நிலை என்ன? 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. எனவே இந்த வாக்கெடுப்பிலும் இடமில்லை. படையிலே சேரவும் தொடக்கத்தில் தடை. ஆள் பற்றாக்குறை வந்ததும், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியராயின் சேரலாமென 1917இல் கதவு சற்றே திறந்தது. தடைகளைத் தாண்டிச் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். திரும்பி வந்த வெள்ளை வீரர்க்கு நிலம் கொடுத்த நாடு, ஆதிக்குடி வீரரில் மிகச் சிலருக்கே கொடுத்தது. குண்டு நிறம் பார்க்கவில்லை, நிலம் பார்த்தது!

"என்னைக் கட்டாயப்படுத்தாதே" என்பது உரிமைக்குரல். "என்னை மட்டும் கட்டாயப்படுத்தாதே" என்பது தன்னலக்குரல். வாய் ஒன்றே, சொல்லும் ஏறத்தாழ ஒன்றே. இடையிலே இருப்பது மலையளவு வேறுபாடு. சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொன்னவன் தேர்விலே வெற்றி பெறலாம். அடுத்த தேர்விலே தோற்பது உறுதி.

அடுத்த தேர்வு வந்தது. 1916இல் மெல்போர்ன் எதிர்ப்பு இயக்கத்தின் செயலாளராக இருந்து, அழைப்பாணைக்குப் பணிய மறுத்துச் சில நாள் சிறையும் கண்டவர் ஜான் கர்ட்டின். இரண்டாம் உலகப் போரிலே அவரே பிரதமர்! 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 19இல் டார்வின் நகரின்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 1943இல், கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட படையினரைத் தென்மேற்குப் பசிபிக்கின் வரையறுத்த பகுதிக்கு அனுப்பும் சட்டத்தைக் கர்ட்டினே கொண்டுவந்தார். பழைய தோழர் பலர் கொதித்தனர்.

கொள்கையைக் கைவிட்டாரா? எளிதிலே தீர்ப்பளிக்க நாம் விரும்பவில்லை. தொலைவிலுள்ள பேரரசுப் போருக்கு ஆள் பிடிப்பதும், தலைமேல் குண்டு விழும்போது வாயிலைக் காப்பதும் ஒன்றல்ல. கட்சியிலே வெளிப்படையாக வாதிட்டு, எல்லை வகுத்துத்தான் அவர் சட்டம் செய்தார். 1939இல் திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டமும், மதத்தின் பேரால் எழுந்தாலும் இல்லாவிட்டாலும் மனச்சான்று மனச்சான்றே என ஏற்றிருந்தது. ஆண்டவன் பெயரைச் சொல்லாதவனுக்கும் உள்ளம் உண்டு என்று சட்டம் ஒப்பிய இடம் அது! ஆயினும் ஒன்று: ஆபத்து கட்டாயத்துக்குக் காரணம் காட்டலாம், அதனைப் புனிதமாக்கிவிட முடியாது. காரணம் ஒழிந்த கணமே கட்டாயமும் ஒழியவேண்டும். அதை மறந்ததால்தான் 1960களிலே வியட்நாம் போருக்கு, பிறந்த நாள்களைக் குலுக்கிப்போட்டு இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தது அதே நாடு. மக்களிடம் வாக்குக் கேட்காமலே! 1972 இறுதியிலேதான் அது நின்றது.

தோழர்களே! வாக்குச் சீட்டைத் தாழ்த்த இதனை எழுதவில்லை. போர்முரசு அதிரும் நேரத்திலே மக்களிடம் கேட்ட நாடு பெருமைக்குரியது. கேட்டபோது அஞ்சாமல் மறுத்த மக்கள் அதனினும் பெருமைக்குரியவர். நாம் வற்புறுத்துவது இதுவே: மறுப்பவன் தன் மறுப்புக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை, கட்டாயப்படுத்துபவனே தன் கட்டாயத்துக்குச் சான்று தரவேண்டும். பொதுக்கூட்டத்திலே, குடும்பத்திலே, கழகத்திலே, எங்கே பெரும்பான்மை கையுயர்த்தினாலும், கையை எண்ணுமுன் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். இந்த முடிவின் விலையைத் தருபவன் யார்? அவன் கை இங்கே உயர்ந்ததா?

விடை கிடைக்காவிடில், கூட்டம் எவ்வளவு பெரிதாயினும் சரி, "இல்லை" என்ற பக்கத்திலே கோடிடுங்கள். அந்தக் கோட்டை உங்களுக்காக மட்டும் இடாதீர்கள். நிறம் வேறான, மொழி வேறான, உங்களை அறியாத ஒருவனுக்காகவும் இடுங்கள்.