சாவி யாரிடம்?

நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் தன் மின்சைக்கிள்களை அனுப்பும் அட்டைப்பெட்டியின்மேல் பெரிய டிவி ஒன்றின் படத்தை அச்சிட்டது. சைக்கிள் என்றால் தூக்கிப் போடுகிறார்கள், டிவி என்றால் பதமாக இறக்குகிறார்கள் என்பது கணக்கு. அது பலித்தது. வழியில் சேதமாகும் வண்டிகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக 2016-இல் நிறுவனமே பெருமையோடு சொன்னது. பார்சல்காரர்களை ஏய்த்த சாமர்த்தியத்தை உலகமும் ரசித்தது. இன்று யோசித்தால், பெட்டிமேல் இருந்த படம் அப்படியொன்றும் பொய்யில்லை.

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் இரு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய வண்டி அழகானது, அதை மறுப்பதற்கில்லை. நேர்கோடாக ஓடும் பாரின் இரு முனைகளிலும் விளக்குகள் புதைந்திருக்கும். பேட்டரி சட்டகத்துக்குள் ஒளிந்திருக்கும். ஒயர் எதுவும் வெளியே தெரியாது. கியர் தானே மாறும். பின்சக்கரத்தின் அருகே காலால் ஒரு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். உரியவரின் போன் பக்கத்தில் வந்தால் திறந்துகொள்ளும். திருடு போனால் நிறுவனத்தின் ஆட்களே தேடிக் கிளம்புவார்கள்; இரண்டு வாரத்தில் கிடைக்காவிட்டால் மாற்று வண்டி. இந்த நிம்மதிக்காக மூன்றாண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர்கள் பலர்.

2023 ஜூலையில் நிறுவனம் திவாலானதாக ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அறிவித்தது. கடைகள் மூடின. பழுதுபார்க்கக் கொடுத்த வண்டிகள் உள்ளே சிக்கிக்கொண்டன. நிம்மதிக்குச் சந்தா கட்டியவர்கள் கடன்காரர்களின் வரிசையில் போய் நின்றார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் இன்னொரு கேள்வி எழுந்தது: சாவி எங்கே இருக்கிறது? போனும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் மறைக்குறி, நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவது. சர்வர் நின்றுபோய், ஒருவர் போனையும் மாற்றினால் புதுப் போனை வண்டி அறியாது. பெல்ஜியத்தின் கவ்பாய் நிறுவனம், அதாவது போட்டிக் கம்பெனி, அவரவர் மறைக்குறியை இறக்கிச் சேமித்துக்கொள்ள ஒரு செயலியை அவசரமாக எழுதி வெளியிட்டது. அது கருணையா விளம்பரமா என்று ஆராயும் நிலையில் வண்டிக்காரர்கள் இல்லை.

மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகமுள்ள நாடு அது. தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை உண்டு. ஆனால் இந்த வண்டியின் உதிரிபாகங்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியவை; வெளியே வாங்கமுடியாது. காலமெல்லாம் பழுதுபார்த்த கடைக்காரர்களே கையை விரித்தார்கள்.

1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளைப் பார்த்தால், இன்றைய வண்டிக்கு அது கொள்ளுத்தாத்தா என்று குழந்தையும் சொல்லிவிடும். ஏறத்தாழ ஒரே அளவான இரு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின். மூன்றாண்டில் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பிறகு பெரிதாக எதுவும் மாறவில்லை என்பார்கள். மாறாததற்கு வடிவத்தின் சிறப்பு மட்டும் காரணமில்லை. செயினை ஒருவர், டயரை ஒருவர், பெடலை ஒருவர் செய்தாலும் எல்லாம் ஒரே வண்டியில் பொருந்தின. செய்த கம்பெனி இழுத்து மூடினாலும், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் ஓவராயில் செய்து வண்டியை ஓடவைத்தார்.

மாறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: மாறவிடவில்லை. பிரான்ஸில் ஷார்ல் மோஷே, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் வண்டி ஒன்றைச் செய்தார். முதல்வரிசை வீரராக யாரும் கருதாத பிரான்சிஸ் ஃபோர் 1933 ஜூலையில் பாரிஸில் அதை ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் சாதனையான 44.247 கி.மீ. வீழ்ந்தது. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் ஒன்றியம் கூடி, பந்தய சைக்கிள் எது என்று இலக்கணம் வகுத்தது. மோஷேயின் வண்டி அதற்குள் வரவில்லை. இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்பது நம் மரபு. அங்கே பிந்தி வந்த இலக்கணம் இலக்கியத்தையே தள்ளிவைத்தது. தள்ளிவைக்கப்பட்ட வம்சம் 2016-இல் அமெரிக்காவின் நெவாடா சாலையில், முழுக்கக் கூடு போர்த்திய வண்டியில், மனிதக் கால்களின் பலத்தில் மட்டும் மணிக்கு 144.17 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஒன்றியத்தின் ஏட்டில் அது சைக்கிள் சாதனை அல்ல.

ஸ்காட்லாந்தின் கிரீம் ஓப்ரீ 1993-இல் தானே கட்டிய வண்டியில், சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் பொருத்தி, ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டினார். கைகளை மார்புக்குக் கீழே மடக்கி அவர் குனிந்த விதம் மறு ஆண்டே தடை செய்யப்பட்டது. இயந்திரம் மனிதனை மிஞ்சக்கூடாது என்பது ஒன்றியத்தின் கவலை. 2022-இல் ஃபிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓட்டிய வண்டியின் சட்டகம் உலோகத்தூளிலிருந்து முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்டது. அதன் பின்குழாயில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் துடுப்பைப் பார்த்து அமைத்த மேடுகள். அது மனிதனை மிஞ்சவில்லை என்று ஒன்றியம் திருப்தி அடைந்தது. சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த பேரிங்கைவிடத் திமிங்கிலத்திடம் எடுத்த பாடம் கௌரவமானதாக இருந்திருக்கலாம்.

சாய்ந்து மிதித்து வேகமாகப் போனால் அது சைக்கிள் ஆகாது. உரியவரின் காலடியிலேயே பூட்டிக்கொண்டு, எங்கோ இருக்கும் சர்வரின் உத்தரவுக்குக் காத்திருந்தாலும் அது சைக்கிள்தான். யாரும் கூடி அதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. எதிர்கால சைக்கிளின் படங்களில் நாம் வளைவுகளையும் ஆரமில்லாச் சக்கரங்களையும் பார்த்து வியக்கிறோம். வண்டி யாருக்குச் சொந்தம் என்பது படத்தில் தெரிவதில்லை. மாறியது அதுதான்.

வான்மூஃபை 2023 ஆகஸ்டு இறுதியில் மெக்லாரன் அப்ளைட் குழுமத்தின் லவுவா நிறுவனம் வாங்கியது. சர்வர்கள் ஓடுகின்றன. இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியம், 2027 பிப்ரவரி முதல் இவ்வகை வண்டிகளின் பேட்டரியை வெளி மெக்கானிக்கும் கழற்றி மாற்ற இயலவேண்டும், மென்பொருளால் அதைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியிருக்கிறது. பேட்டரிக்கான அந்தச் சட்டம் சாவியைப் பற்றிப் பேசவில்லை.