தடாதகைக்குச் சூட்டிய முடி

மதுரையை ஆண்ட தடாதகை, காஞ்சனமாலையின் வயிற்றில் பிறந்தவள் அல்லள். பிள்ளைப்பேறில்லாத மலயத்துவச பாண்டியனும் அவன் தேவியும் செய்த வேள்வியின் தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்மகவாய் அவள் வெளிப்பட்டாள் என்றும், அவள் மார்பில் மூன்று தனங்கள் இருந்தன என்றும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. மகனை வேண்டி நின்ற தனக்கு மகள் வந்தாளே, அவளும் பகைவர் நகைக்கும் வடிவோடு வந்தாளே என்று மன்னன் மனம் நொந்தான். மைந்தனுக்குரிய சடங்குகளையெல்லாம் இவளுக்குச் செய்து முடிசூட்டுக, கணவனாக வருபவனைக் காணும்போது ஒரு தனம் மறையும் என்று இறைமொழி எழுந்தது.

இக்கதையைச் சொல்வோர் பலர். இதில் எது முன், எது பின் என்று பார்ப்போர் சிலரே. கல்வியும் படைக்கலப் பயிற்சியும் முதலில் வந்தன, மணிமுடி அடுத்து வந்தது. மறைய வேண்டியது மறைந்ததோ அவள் திசையெல்லாம் வென்று கயிலையை அடைந்த பிறகு. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் அவளுடைய பட்டாபிஷேகத்தையும் பத்தாம் நாள் திருக்கல்யாணத்தையும் ஆண்டுதோறும் காணும் ஊர் மதுரை. பிறவிக் குறியோடு வந்த குழந்தையைத் தத்தெடுக்கும் இல்லறத்தார், அந்த முன்பின்னைத் தம் வீட்டு முறையாகக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

பழைய நெறியில் பொதுவாக மகனையே தத்தெடுத்தனர். மகளையும் எடுக்கலாம் என்று வகுத்தது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம். முறைப்படி நிகழ்ந்த தத்தெடுப்பை எடுத்தவர் பின்னாளில் நீக்க இயலாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. பெண்சிசுக் கொலையால் உசிலம்பட்டிப் பகுதி அவப்பெயர் சுமந்த காலம் ஒன்று உண்டு. அக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வந்தது. பெண்ணாய்ப் பிறந்ததே குறையாக எண்ணப்பட்ட வீட்டில், உதடு பிளந்து பிறந்த பெண்ணின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உதட்டுப் பிளவு அரியதன்று. உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு அமைகிறது. கருவின் 4ஆம் வாரம் முதல் 7ஆம் வாரத்திற்குள் உதடு கூடிவிட வேண்டும். கூடாதபோது பிளவாக நிற்கிறது. தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத காலம் அது. கிரகணத்தன்று வெளியே வந்ததால் பிள்ளை மூளியாயிற்று என்று பெற்றவளைப் பழிப்பது அறியாமை. அப்பழியை வளர்க்க வந்தவர் வீட்டு வாசல்வரை சுமந்து வருவது கொடுமை.

வளர்ப்பின் முதற்பாடம் பாலூட்டுவதில் தொடங்குகிறது. அண்ணம் பிளந்த மகவால் சரிவர உறிஞ்ச இயலாது. படுக்கவைத்துப் புகட்டினால் பால் மூக்கு வழியே திரும்பும். மடியில் நிமிர்த்தி அமர்த்தி, தலையைக் கையில் தாங்கி, பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் உட்புறம் சாய்த்து, சிறிது சிறிதாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்ததை விட வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இடையிடையே தோளில் போட்டுத் தட்ட வேண்டும். பெற்றவளாயினும் எடுத்தவளாயினும் இந்தப் பொறுமைக்கு மாற்று வழியில்லை.

மூன்றாம் மாதத்தை ஒட்டி உதட்டைத் தைப்பர். ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தைச் சீர்செய்வர். பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீளும். ஈற்றெலும்பில் இடைவெளி இருந்தால், பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் பருவத்தில் எலும்பு வைத்து நிரப்புவர். இவ்வளவு நீண்ட சீரமைப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் குழந்தைப்பருவமே முடிந்துவிடும். ஆயினும், "மொகம் சரியாகட்டும், அப்புறம் காது குத்திக்கலாம்" என்று விழாவைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. நம் பக்கத்தில் குலதெய்வத்தின் முன் முடி இறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதே பிள்ளையை ஊரறிய உறவாக்கும் சடங்கு. எடுத்து வளர்க்கும் பிள்ளைக்குத் தாய்மாமன் மடி கொடுத்துச் சீர் செய்துவிட்டால், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி பந்தலிலேயே அடங்கிவிடும். தையலுக்கு முன்னரே அந்த மடி கிடைக்க வேண்டும். அன்றைய படமும் கூடத்துச் சுவரில் மறைவின்றித் தொங்க வேண்டும்.

வெளியுலகம் கேட்கத்தான் செய்யும். திருமங்கலம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, "ஏம்மா, பிள்ளைக்கு வாயில என்ன?" என்பாள். "பெறக்கும்போதே ஒதடு சேரலம்மா, தச்சாச்சு. பாட்டிக்குப் பேரச் சொல்லு கண்ணு" என்ற விடையில் ஒளிவும் இல்லை, சினமும் இல்லை. தாய் முந்தானையால் அவ்வாயை மூடியிருந்தால் குழந்தை கற்றுக்கொள்வது வேறொன்றாக இருக்கும்.

இகழ்ச்சியைக் காட்டிலும் நுண்ணிய தீங்கு புகழ்ச்சியால் வருகிறது. "இப்படிப்பட்ட பிள்ளைய எடுத்தீங்களே, எவ்வளவு பெரிய புண்ணியம்" என்று உறவினர் வியக்கும்போது பெற்றோர் உள்ளம் குளிரும்; அருகிலிருந்து கேட்கும் பிள்ளையோ, தான் இவ்வீட்டில் ஒரு கடன்காரன் என்று உணரும். கடன்பட்டவன் போல வளர்ந்த பிள்ளை, எதிர்த்துப் பேச வேண்டிய வயதில் பேசமாட்டான். விரும்பாத படிப்பை ஏற்பான். பெற்றோர் முதுமையில் அவன் செய்யும் பணிவிடையும் வட்டி செலுத்துவதாகவே அவனுக்குத் தோன்றும். ஆகவே அப்புகழுரையை அப்போதே மறுத்துவிடுவது பெற்றோரின் அடக்கம் மட்டுமன்று, கடமையும் ஆகும். பிள்ளை வேண்டியிருந்தது, பிள்ளை வந்தது. இதில் புண்ணியக் கணக்கு எதற்கு?

தத்தெடுத்த செய்தியைப் பிறர் வாயிலாக அறியவிடாமல், நினைவு தெளியும் பருவம் முதலே சிறுகச் சிறுகத் தாமே சொல்லிவர வேண்டும். வளர்ந்தபின் தழும்பை மேலும் திருத்திக்கொள்வதா, அப்படியே விடுவதா என்பது அப்பிள்ளையின் முடிபு; தன் பிறப்பின் வேரைத் தேடுவதும் அவ்வாறே. 18 வயது நிறைந்தபின் அதற்கு விண்ணப்பிக்க விதிகள் இடம் தருகின்றன. பெற்றவளைப் பற்றிய செய்திகளை வெளியிடுவதற்கு மட்டும் வரம்புகள் உள்ளன. மருத்துவச் சீட்டுகளையும் தத்தெடுப்பு ஆணையையும் ஒரே கோப்பில் சேர்த்து, கேட்ட நாளில் எடுத்துக் கொடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். கேட்குமுன் திணிப்பதும், கேட்டபின் ஏன் என்று வினவுவதும் வேண்டாம்.