மாணவரின் மௌனமும் நோயாளியின் உயிரும்

ஆசிரியரின் முன் அடங்கி நிற்பதும், அவர் பேசுகையில் குறுக்கிடாதிருப்பதும் நாம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே பழக்கும் ஒழுக்கங்கள். ஓதத் தொடங்கிய நாள்தொட்டு உஸ்தாதின் முன் அதபோடு இருக்கப் பழகிய பிள்ளை, மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும்போதும் அப்பழக்கத்தை உடன்கொண்டே செல்கிறது. அது நற்பழக்கமே. ஆயினும், மருத்துவம் பயிலும் இடத்தில் மாணவரின் மௌனம் எப்போதும் மரியாதையினால் விளைவதன்று. சில வேளைகளில் அச்சத்தினால் விளைவது. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதல் நம் கடமையாகும். ஏனெனில், அச்சத்தால் எழும் மௌனத்திற்கு விலை கொடுப்பவர் கட்டிலில் கிடக்கும் நோயாளி அன்றோ!

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இன்சுலின் மருந்தின் அளவை எழுதுகையில் ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கிலத்தின் ‘யூ’ எழுத்தை மட்டும் இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. விரைந்து எழுதும் கையில் அவ்வெழுத்து சுழியம்போல் ஆகிவிடும். 10 யூனிட் என்பது 100 எனப் படிக்கப்படும். பத்து மடங்கு மருந்து உடலுள் சென்றால் இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து நோயாளி நினைவிழப்பார், உயிரும் போகலாம். வார்டில் நிற்கும் மாணவி ஒருத்தி அத்தகைய சீட்டைக் காண்கிறாள் எனக் கொள்வோம். ‘இது பத்தா, நூறா?’ என்று கேட்க அவளுக்கு நா எழவேண்டும். ‘இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தாய்?’ என்று முந்தைய நாள்தான் பலர் முன்னிலையில் ஏளனம் செய்யப்பட்டிருந்தால், அவள் வாய் திறப்பாளா?

அறியாததை அறியேன் என்று சொல்லவும், ஐயத்தைக் கேட்கவும், தவற்றை ஒப்புக்கொள்ளவும் இழிவுக்கு அஞ்சவேண்டாத நிலையை அறிஞர்கள் இன்று ‘உளவியல் பாதுகாப்பு’ என்கின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் வாய்ந்த குழுக்களில் தவறுகள் குறைந்திருக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. கணக்கோ நேர்மாறாக இருந்தது. அக்குழுக்களிலேயே தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. துருவி ஆராய்ந்தபோது, அவர்கள் தவறுகளை அஞ்சாமல் எடுத்துரைத்தனர் என்பதும், பிற குழுக்களில் அவை மறைக்கப்பட்டன என்பதும் புலனாயின. 1996இல் வெளியான அவ்வாய்வு உணர்த்துவது ஒன்று: தவறே நேராத இடமென்று நாம் புகழ்வது, தவற்றைச் சொல்ல முடியாத இடமாகவும் இருக்கக்கூடும்.

இது மேலை நாட்டார் புதிதாகக் கண்ட உண்மையன்று. பாரசீகத்தின் ரய் நகரில் தோன்றிய மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி பாடம் நடத்திய முறையைப் பத்தாம் நூற்றாண்டின் இப்னு நதீம் தம் ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் குறித்துள்ளார். ராஸி அமர்ந்திருக்க, அவருக்கு அடுத்து மாணவரும், அவரை அடுத்து மாணவரின் மாணவரும் அமர்ந்திருப்பர். வரும் நோயாளி முதலில் எதிர்ப்படுவோரிடம் தம் நோயைக் கூறுவார். அவர்களால் இயலாவிடில் அடுத்த வரிசைக்குச் செல்வார். எவராலும் இயலாதபோதே ராஸி பேசுவார். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒருவர் அடுத்தவரிடம் அனுப்புவது அங்கே இழுக்கன்று. அதுவே பாடத்தின் ஒழுங்கு. தாம் ஆசானாகப் போற்றிய கேலனின் கருத்துகளையே ஐயுற்று ஒரு நூல் இயற்றியவர் அவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

‘கண்டிப்பில்லாமல் மருத்துவர் உருவாவாரா? உயிரைக் கையாளும் தொழிலுக்கு நெஞ்சுரம் வேண்டாமா?’ என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. கண்டிப்பு வேண்டும், மிகவும் வேண்டும். தையல் பிசகினால் அதைப் பிரித்து மீண்டும் போடச் செய்வது கண்டிப்பு. அது வேலையைத் திருத்துகிறது. பிசகியவரின் குலத்தையோ ஊரையோ மொழியையோ இழுத்து நகைப்பது இழிவுபடுத்தல். அது அடுத்த பிசகை மறைக்கக் கற்பிக்கிறது. நெஞ்சுரம் என்பது வசையைத் தாங்கும் ஆற்றல் மட்டுமா? மூத்தவரிடம் ‘ஐயா, மருந்தின் அளவை ஒருமுறை பாருங்கள்’ என்று சொல்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

சட்டங்கள் வந்துள்ளன. மருத்துவ மாணவர் ஒருவர் 1996இல் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி மருத்துவரின் வேலை வாரத்திற்கு 74 மணி நேரத்தை மிகலாகாது என 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்தது. இவை தேவையே. எனினும் வார்டில் எழும் ஒரு கேள்விக்கு ஆசிரியர் காட்டும் முகத்தை எந்தச் சட்டமும் வரையறுத்துவிட முடியாது.

இங்கே நம் குடும்பங்களுக்கும் பங்குண்டு. விடுதியிலிருந்து பிள்ளை தொலைபேசியில் குரல் தழுதழுக்கப் பேசினால், ‘பொறுத்துக்கொள், டாக்டராகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பொறுமை உயர்ந்த குணமே; ஆனால் துயரைச் சொல்ல வந்தவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தலாகாது. வீட்டில் ‘தெரியவில்லை’, ‘தவறிவிட்டேன்’ என்று சொல்லி ஏச்சு வாங்காத பிள்ளைக்கே வெளியிலும் அதைச் சொல்ல நா எழும். நோயாளியின் உயிர் மருத்துவரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அதனைக் காக்கப்போகும் நாவை நம் வீட்டிலேயே கட்டிப்போடாதிருப்போமாக.