படகுக்கு ஏற்ற விசிறி



ஏனாத்தூரிலே கடல் ஏது, படகு ஏது, சாமியார் எதற்காக இதை எழுதுகிறார் என்று கேட்பீர்கள். தறியை நம்பிப் பிழைக்கும் நம் வீடுகளிலும் கடற்கரையில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். கோவளத்திலோ குமரிக் கரையிலோ மைத்துனர் படகுக்கு இயந்திரம் வாங்க வேண்டுமென்றால் இங்கிருந்துதான் நகை அடகுக்குப் போகிறது. வட்டி கட்டுகிறவர்கள் நீங்கள். ஆகையால் அந்தப் பணம் கடலில் எப்படிக் கரைகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், இராயப்பரும் கூட்டாளிகளும் இரண்டு படகுகளையும் மீனால் நிரப்பவே அவை அமிழத் தொடங்கின என்று வாசிக்கிறோம். நாம் புதுமையைக் கண்டு வியக்கிறோம், அது தகும். கடலோடியோ அங்கே இன்னொன்றையும் காண்பான். இரவெல்லாம் வெறுமையாய் மிதந்த படகு வேறு, மீன் ஏற்றின படகு வேறு. 1986ஆம் ஆண்டில் கலிலேயாக் கடலோரச் சேற்றிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள படகொன்றைத் தோண்டி எடுத்தார்கள். நீளம் சுமார் 27 அடி, அகலம் சுமார் 7½ அடி. நம் கரையில் ஓடும் கண்ணாடி இழைப் படகுகளின் அளவுக்கு அது வெகு தூரமில்லை. அப்படிப்பட்ட படகின் பின்னே ஓர் இயந்திரத்தைத் தொங்கவிட்டால், எந்தப் பாரத்தைக் கணக்கில் வைத்து விசிறியைத் தெரிந்துகொள்வீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேளாமல் இயந்திரம் வாங்குகிறவர்கள் அநேகர். கடைக்காரர் கொடுத்ததை மாட்டுகிறார்கள். பக்கத்துப் படகில் இருப்பதைப் பார்த்து மாட்டுகிறார்கள். நூலின் பருமனுக்கு ஏற்ற அச்சு இல்லாவிட்டால் பாவு அறுந்து போகும் என்று அறிந்த நீங்கள் இப்படிச் செய்வீர்களா?

பெரியவர்களும் இதில் பாடம் படித்ததுண்டு. 1952இல் கையெழுத்தாகி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் நடந்த இந்திய-நார்வே திட்டத்தில், முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே இயந்திரம் பொருத்திப் பார்த்தார்கள். துடுப்புக்கென்று கட்டின வள்ளம் அதற்கு இசையவில்லை. இயந்திரத்துக்கென்றே வேறு படகுகள் கட்ட நேர்ந்தது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஒட்டுப்பலகைப் படகு கட்டுவதோடு நில்லாமல் வெளிப்பொருத்தும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதையும் தன் வேலையாக ஏற்றது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் உயரம். படகின் பின்பலகை மேல்விளிம்பிலிருந்து அடிவரைக்கும் அளந்து பாருங்கள். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலப் பலகைக்கு நீளத் தண்டு. தண்டு பொருந்தாவிட்டால் பின்னால் எதுவும் சரியாகாது. விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தட்டைத் தகடு இருக்கும். மேலிருந்து காற்று விசிறிக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ நிற்கும்படி மாட்டி, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அதிகமாய் இறங்கியிருந்தால் இயந்திரத்தின் கால் தண்ணீரை உழுதுகொண்டே போகும். பின்னால் நீர் வாரியடிக்கும், சுக்கான் கைக்குக் கனக்கும், எண்ணெய் வீணாகும். அதிகமாய் ஏறியிருந்தாலோ திரும்பும்போதும் அலையில் பின்புறம் தூக்கும்போதும் விசிறி காற்றைக் குடிக்கும். இயந்திரம் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் தண்ணீரும் சரியாக உள்ளே வராது. பக்கத்தில் பீய்ச்சும் சிறு நீர்த்தாரை விட்டு விட்டு வந்தால் உடனே நிறுத்துங்கள். ஏரியில் ஓடும் படகுக்குப் பொருந்தின உயரம் நம் அலைக்கடலுக்குச் சற்று அதிகம்; இங்கே கொஞ்சம் தாழ்த்தி வைப்பதே நலம். அரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்றைப் பிடிப்பின் கீழே வைத்தும் எடுத்தும் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

இனி விசிறி. அதன்மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது குறுக்களவு. இரண்டாவது புரி, அதாவது மரத்தில் திருகாணி இறங்குவதுபோல், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்னும் கணக்கு. தண்ணீர் மரமல்ல, வழுக்கிக் கொடுக்கும். ஆகையால் முழுக்கணக்கும் கைக்கு வராது. புரி கூடினால் வேகம் கூடும் என்று வாலிபர் நினைக்கிறார்கள். வெறும் படகுக்கு அது ஓரளவு மெய். வலையும் பனிக்கட்டியும் நான்கு ஆட்களும் ஏறின படகிலோ, கூடின புரி இயந்திரத்தின் கழுத்தைப் பிடித்து அழுத்தும். சுற்று ஏறாது, புகை வரும், சூடேறும், எண்ணெய் குடிக்கும், பிஸ்டனுக்கும் ஆயுள் குறையும். இந்தக் கேட்டைக் கண்ணால் காண முடியாது என்பதே இதில் கொடுமை. மாதக் கடைசியில் எண்ணெய்க் கடன் ஏறியிருக்கும், கடலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இதற்குப் பரீட்சை ஒன்று உண்டு. வழக்கமான பாரம் முழுவதையும் ஏற்றி, உயரத்தைச் சரிபார்த்த பிறகு, முழு விசையில் ஓட்டி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று சுற்றுமானியில் பாருங்கள். எந்த அளவுக்குள் இருக்க வேண்டுமென்று இயந்திரத்தின் கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும். சிலவற்றுக்கு 4500 முதல் 5500, சிலவற்றுக்கு 5000 முதல் 6000. அதற்குக் கீழே நின்றால் குறைந்த புரியுள்ள விசிறியை மாட்டுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று ஏறும். மேலே தாண்டினால் புரியைக் கூட்டுங்கள். வெறும் படகையும் ஒருமுறை ஓட்டி, சுற்று எல்லை மீறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுமானி இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் இருக்கும். கேட்க வெட்கம் வேண்டாம்.

பணம் கொடுக்கும் சகோதரிகளே, மைத்துனரிடம் இந்தப் பரீட்சை நடந்ததா என்று கேட்ட பிறகு காதிலுள்ளதைக் கழற்றுங்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

கரையில் ஏற்றும் படகுகளுக்கு இன்னும் ஒன்று. மணலில் உரசி விசிறியின் விளிம்பு மழுங்கினால், அளவு சரியாயிருந்தும் பயனில்லை. அரத்தால் தேய்க்காமல், தெரிந்தவரிடம் கொடுத்துச் சீராக்குங்கள். தண்டில் வலைநரம்பு சுற்றினால் அன்றைக்கே கழற்றி எடுங்கள். விட்டால் அது எண்ணெய்க் காப்பை அறுத்துத் தண்ணீரை உள்ளே விடும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அந்தக் கேடு நடந்துவிட்டதென்று அறியலாம். பழைய விசிறி உடையாமல் இருந்தால் எறியாதீர்கள். அதையும், பூட்டாணி இரண்டையும், ஒரு ஸ்பானரையும் துணியில் சுற்றிப் படகிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.