தாய் கரை சேரும் வரை



திருச்சி மலைக்கோட்டையில் குடியிருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்று பேர். அந்தப் பேர் எப்படி வந்தது என்ற கதையைச் சமய வகுப்பில் நாம் எல்லாரும் கேட்டிருப்போம். இரத்தினாவதி என்ற பெண்ணுக்கு நிறைமாதம். பிரசவம் பார்க்க அவள் அம்மா பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வருகிறாள். வழியில் காவிரி கரைபுரண்டு ஓடுகிறது. அம்மா அக்கரையில் தவிக்கிறாள், மகளுக்கோ இக்கரையில் வலி கண்டுவிட்டது. ஈசனே என்று மகள் கதறியபோது, அந்த அம்மாவின் உருவத்திலேயே சிவன் வந்து நின்றார். பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியும்வரை தாயையும் சேயையும் கவனித்துக்கொண்டார். உண்மையான அம்மா வந்து வாசலில் நின்றதும் மறைந்துவிட்டார்.

சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வதோடு இந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். எனக்கோ இதை நினைக்கும்போதெல்லாம் நம்ம கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தும் அக்கரையில் இருக்கிற பிள்ளைகள் அவர்கள். நடுவில் ஓடுவது காவிரி இல்லை, சாராயம்.

அப்பா குடித்தால் ஊரே பேசும். அம்மா குடித்தால் ஊர் கிசுகிசுக்கும், கோயிலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போர் முடிந்தபின், 1946, 47-ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராகப் போராடியது. அந்தப் போராட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மனதில் வரும் படம் ஒன்றுதான்: குடிப்பவன் ஆண், அழுபவள் பெண்.

திருவள்ளுவரும் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் ஓரிடத்தில், குடித்துக் களித்திருப்பது பெற்ற தாயின் கண்ணெதிரிலேயே துன்பமாகத் தெரியும், அப்படியிருக்கச் சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். எதையும் பொறுப்பவள் தாய், அவளாலேயே இதைப் பொறுக்க முடியாது என்பது பொருள். அந்தக் குறளில் தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குடித்தவள் அந்தத் தாயாகவே இருந்து, பார்த்துக்கொண்டு நிற்பது நாலு வயதுப் பிள்ளையாக இருந்தால்? பொறுத்துக்கொள்வதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு வழி இல்லை.

எத்தனை வீடு என்று கணக்குச் சொல்ல நான் எழுதவில்லை. யார் வீடு என்று காட்டவும் எழுதவில்லை. நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். பல்கலைக்கழக விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். அதில் கண்ணில் படுவதைத்தான் சொல்கிறேன்.

தேவாரம் பாடும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்பு முடிந்து அன்னதானம் போடும்போது வித்தியாசம் தெரியும். எட்டு வயதுப் பெண் தன் இலையில் கை வைக்காமல் தம்பிக்கு ஊட்டுவாள். "அண்ணே, கொஞ்சம் கட்டித் தர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். பொறுப்பான பிள்ளை என்று நாம் பாராட்டுவோம். பாராட்ட வேண்டிய பிள்ளைதான். ஆனால் எட்டு வயதில் ஒரு பிள்ளை அம்மா வேலையை ஏன் பார்க்கிறது என்று ஒருதரம் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

கைக்குழந்தை அழுதால் யாரோ வந்து தூக்குவார்கள். பசித்தால் பால் வரும். இதிலிருந்துதான் உலகத்தை நம்பலாம் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. குடிக்கு அடிமையான தாயிடம் பாசம் இல்லாமல் போவதில்லை. நிலையாக இருக்க அவளால் முடியாமல் போகிறது. ஒரே அழுகைக்கு ஒருநாள் முத்தம் கிடைக்கும், ஒருநாள் அடி விழும், இன்னொரு நாள் பதிலே வராது. அதனால் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அம்மா முகத்தைப் பார்க்கும். நடை எப்படி, குரல் எப்படி, இன்றைக்குப் பேசலாமா கூடாதா என்று படித்துவிடும். எழுத்துக் கற்கும் முன்பே இந்தப் படிப்பைக் கற்ற பிள்ளைக்கு வகுப்பில் கவனம் எங்கே நிற்கும்? இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நான் சேட்டை பண்ணினதாலதான் அம்மா குடிக்கிறாங்க என்று சின்னப்பிள்ளை நம்பிவிடும்.

உடம்புக்கும் ஆபத்து உண்டு. கர்ப்பத்தில் இருக்கும்போது குடிக்கிற மது தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்கும் போகிறது. மூளை வளர்ச்சியும் முக அமைப்புமே அதனால் பாதிக்கப்படலாம் என்று 1973-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி உலகத்துக்கு எடுத்துக்காட்டினார்கள். தாய்ப்பாலிலும் மது கலக்கும். குடித்த மயக்கத்தில் பச்சைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கினால் மூச்சுமுட்டும் அபாயம் இருக்கிறது. அடுப்பும் சுடுதண்ணியும் இருக்கிற வீட்டில், பார்க்க வேண்டிய கண் மூடியிருந்தால் ஒரு நிமிடம் போதும்.

அந்தத் தாய் எப்படி இதில் விழுந்தாள்? மலைக்குளிருக்கு ஒரு மூடி நல்லது என்பார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பிராந்தி நல்லது என்று பாட்டிமார் கொடுப்பதும் உண்டு. இரண்டும் நல்லதில்லை. மது குடித்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடான மாதிரி தெரியும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். பெண்ணின் உடம்பில் தண்ணீர்ச் சத்து ஆணைவிடக் குறைவு, அதனால் அதே அளவு குடித்தாலும் அவளுக்குப் பாதிப்பு அதிகம், ஈரலும் சீக்கிரம் கெடும். இதற்கு மேல் ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருக்கும். அடிக்கிற புருஷன், செத்துப்போன குழந்தை, விடிகாலையில் தொடங்கி மலைச்சரிவில் கொழுந்து பறித்த முதுகு, பேச ஆள் இல்லாத லயத்து வீடு. ஆரம்பத்தில் அவள் குடித்தாள், இப்போது குடி அவளைக் குடிக்கிறது. மருத்துவம் இதை நோய் என்கிறது. மனவலிமை இல்லாதவள் என்று சொல்லி ஒதுக்குவது ஊருக்குச் சுலபம்.

இங்கே நம்மவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அம்மன் சன்னதிக்கு இழுத்து வந்து, கற்பூரத்தில் அடித்து, இன்றோடு விட்டுவிட்டேன் என்று சத்தியம் வாங்குவது. நான் பொறியியல் படிப்பவன், எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மது மூளைக்குப் போடுகிற பிரேக். பல வருஷம் பிரேக்கை அழுத்தியே வண்டி ஓட்டினால், மூளை ஈடுகொடுக்க எண்ணெயை அதிகமாக அழுத்திப் பழகிவிடும். ஒரே நாளில் பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும்? கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிரே போகவும் கூடும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அம்மாளிடம் வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டிய கையோடு தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்கோ பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். மருந்து கொடுப்பவர் கையிலும் அவள்தான் இருக்கிறாள்.

இன்னொரு தடை பயம். சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே பல தாய்மார் மறைப்பார்கள். ஊர் தூற்றத் தூற்ற இன்னும் ஆழமாக மறைப்பார்கள். மறைத்த நோய்க்கு மருந்து கிடைக்காது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடியால் கணவரை இழந்தவர். அந்தத் துக்கத்தோடு நின்றுவிடாமல் 1980-இல் குடிநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை மையத்தையே தொடங்கினார். குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ இயக்கம் 1935-இல் அமெரிக்காவில் பிறந்து உலகமெங்கும் பரவியது. மீண்டு வந்தவர்கள் ஏராளம், அதில் தாய்மார்களும் உண்டு.

சரி, நாம் என்ன செய்வது? தாயுமானவரிடமே கேட்போம்.

அவர் முதலில் பழி பேசவில்லை. மழைக்காலம் தெரியாதா, முன்னாடியே கிளம்பக்கூடாதா என்று அந்தத் தாயை ஏசிக்கொண்டு நிற்கவில்லை. நாமும் பிள்ளை காதுபட அம்மாவைத் திட்டக்கூடாது. உங்கம்மா ஒரு பொம்பளையா என்று ஒரு வார்த்தை விட்டால், இருக்கிற ஒரே அம்மாவையும் அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைமா. அது உன்னால வந்தது இல்ல. நாங்க இருக்கோம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும், பலமுறை சொல்ல வேண்டும்.

அடுத்து, அவர் ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். பிரசவம் பார்ப்பது ரத்தமும் அழுக்குமான வேலை. கைலாயநாதன் அதைச் செய்தார். நமக்கு வந்திருக்கிற வேலை அதைவிட லேசு. சாயங்காலம் கோயில் மண்டபத்தைத் திறந்து வைத்து, பள்ளிப்பாடம் பார்த்து, ஒரு தட்டுச் சோறு போடுவது. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவது. நிலையில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, வருவேன் என்று சொன்ன அண்ணனோ அக்காவோ வந்து நிற்பதே பெரிய மருந்து. இதை இருவர் இருவராக, பெரியவர்களுக்குத் தெரிய, திறந்த இடத்தில் செய்யுங்கள். பிள்ளை அடிபடுகிறது, பட்டினி கிடக்கிறது, கைக்குழந்தை தனியாக விடப்படுகிறது என்றால், ஊர் மானம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண் இரவும் பகலும் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

இதைச் செய்கிற கைகள் சுத்தமாகவும் இருக்க வேண்டும். திருவிழா ஊர்வலத்தில் உறுமிக்கு ஆட ஒரு கேன் பீர் உள்ளே போக வேண்டும் என்று நினைக்கிற இளைஞன், மறுநாள் அந்த அம்மாவிடம் போய் என்ன பேசுவான்? ஆம்பளை குடித்தால் கொண்டாட்டம், பொம்பளை குடித்தால் அசிங்கம் என்ற கணக்கை முதலில் நம்ம இயக்கத்துக்குள் கிழித்துப் போடுவோம்.

கடைசியாக, அம்மா வந்ததும் அவர் மறைந்தார். கதையில் என்னை அதிகம் தொட்டது இந்த இடம். உலகத்துக்கே தாயானவர், அந்த ஒரு குழந்தையின் தாயும் பாட்டியும் நிற்க வேண்டிய இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நாமும் பிள்ளைக்கு அம்மாவாகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். தேறி வருகிற தாய் ஒருநாள் கூச்சத்தோடு மண்டபத்து வாசலில் வந்து நிற்பாள். அப்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கக்கா, இன்னைக்கு நீங்களே ஊட்டுங்க" என்று சோற்றுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்கத் தெரிய வேண்டும். அவள் மறுபடி வழுக்கலாம். வழுக்கினால் கிண்ணத்தை மறுபடி நாம் ஏந்துவோம், அவள் எழுந்ததும் மறுபடி கொடுப்போம்.

வெள்ளம் எப்போது வடியும் என்று நமக்குத் தெரியாது. வடியும்வரை இக்கரையில் பிள்ளையோடு யாராவது இருக்க வேண்டும். அந்த யாராவது நாமாக இருக்கத் தாயுமானவர் அருள் புரியட்டும்.

திருச்சிற்றம்பலம்.