பூச்சியமும் வெற்றிடமும்

ஐப்பசி

விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பட்டம், மொழிச் சான்றிதழ், வேலை அனுபவம். ஒரு பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. ஏன் தொற்றுநோயியல் படிக்க வேண்டும் என்று நானே சொல்ல வேண்டிய கடிதம் அது. மியூனிக் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் இரண்டு வருட முதுமாணிப் படிப்பு. அவர்களுடைய குளிர்காலப் பருவம் ஒக்டோபரில் தொடங்கும். இங்கே மாரி பிடிக்கிற காலமும் அதுதான்.

அம்மம்மா அடுப்படியில் இருந்தபடி கேட்டா: "இஞ்ச இல்லாத காய்ச்சலா மகள் அங்க இருக்கு, படிக்கப் போறதுக்கு?"

பல்கலைக்கழகமும் இதைத்தான் வேறு சொற்களில் கேட்கிறது. இரண்டு பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கார்த்திகை

வேலை செய்யும் இடம் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. புள்ளிவிபரவியல் படித்த எனக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பதவி. மேசைக்கு வருகிற தாள்களில் முக்கியமானது 544ஆம் இலக்கப் படிவம். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ டாக்டர் சந்தேகித்தாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், விலாசம். விலாசம் என்ற இடத்தில் "வைரவர் கோயிலுக்குப் பின் பக்கம், புளியமரத்தடி" என்று இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயா, மோட்டார் சைக்கிளில் அந்தப் புளியமரத்தைத் தேடிப் போவார். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், பக்கத்து வீட்டிலும் காய்ச்சல் உண்டா என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமையோடு வாரம் முடியும். அந்த வாரத்து எண்ணிக்கை 399ஆம் இலக்கப் படிவத்தில் கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். ஒருவருக்கும் வருத்தம் இல்லாவிட்டாலும் அனுப்பியே ஆக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், எங்கள் பணிமனையில் தலை நரைத்த ஒருவர் என் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறுமையா விட்டா வருத்தம் இல்ல எண்டு அர்த்தமில்ல மகள். ஆரும் பாக்கல்ல எண்டுதான் அர்த்தம்."

கார்த்திகை, மழை விடாத நாள்

மலேரியாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. வெற்றி கிடைத்தது என்று எண்ணி மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கும் மேலாகப் போராடி, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றைப் பெற்றோம். இன்றைக்கும் காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்க்கிறார்கள். இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்.

பூச்சியத்தைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் அது வெற்றிடமாகிவிடும்.

மார்கழி

குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். மோட்டார் சைக்கிள்கள் ஏறின, இரண்டு நெல்மூட்டை ஏறியது, வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். பாதைக்காரர் கயிற்றை அவிழ்க்கும் முன் ஆட்களை எண்ணினார். ஒரு தாயின் மடியில் கிடந்த குழந்தையையும் விரலால் தொட்டு எண்ணினார். "மடிப்பிள்ளையையுமா?" என்று அவள் சிரித்தாள்.

"அதுவும் ஒரு உசிர்தானே புள்ள."

மண்டூர்க் கரை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது பின்னக் கோட்டுக்கு மேலே எழுதுகிற எண். எத்தனை பேரில் என்பது கீழே எழுதுகிற எண். பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்றால், நூறு பேர் வாழும் ஊரில் அது பேரிடர், பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் வேறு கதை. கீழே உள்ள எண் தெரியாவிட்டால் மேலே உள்ளதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எங்கள் மாவட்டத்துக்கு அந்தக் கீழ் எண் நெடுங்காலம் இருக்கவில்லை. 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. மட்டக்களப்பு மீதி ஏழில் ஒன்று. எங்களை முழுமையாக எண்ணிய அடுத்த குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் 31 வருடம். போரும் இடப்பெயர்வும் அதற்குள் அடங்கும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருந்த நாவலடியை 2004 மார்கழியில் சுனாமி அலை கொண்டு போனதும் அதற்குள்தான். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டால், கோட்டுக்குக் கீழே வெற்றிடம்.

தை

ஜேர்மனியில் 1 தான் உயர்ந்த புள்ளி, 4 தேறுவதற்கான கடைசிப் படி. எங்கள் புள்ளியை அவர்களுடையதாக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. உச்சப் புள்ளியிலிருந்து என்னுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேறுபுள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 4, தேறுபுள்ளி 2, என்னுடையது 3.2. விடை 2.2. நாலு வருட இரவுகள் ஒரு வரியில் அடங்கிவிட்டன.

விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். 11,904 யூரோ. மாதம் 992 வீதம்தான் எடுக்கலாம். நம் காசில் நாற்பது லட்சத்தைத் தொடும். வளவின் உறுதியை மாமா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் அந்தப் பையைத் தொடவில்லை.

தை, இரவு

மியூனிக் நகரத்துக்கு நல்ல தண்ணீரும் கழிவுநீர்க் கால்வாயும் கிடைக்கப் பாடுபட்டவர் மக்ஸ் வொன் பெட்டன்கோஃபர். கிருமி மட்டும் வாந்திபேதியைக் கொண்டுவராது, மண்ணும் சூழலும் சேர வேண்டும் என்பது அவருடைய உறுதி. 1892 ஒக்டோபர் 7இல், 73 வயதில், வாந்திபேதிக் கிருமி கலந்த நீரை எல்லோருக்கும் தெரியவே குடித்தார். இலேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்தார். அதே வருடம் ஹம்பேர்க்கில் அந்த நோயால் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதற்கு எட்டு வருடத்துக்கு முன், 1884இல், ஜேர்மன் மருத்துவர் ரொபேட் கொக் அந்த நோயை ஆராயக் கல்கத்தாவில் ஒரு குளத்தங்கரைக்குப் போயிருந்தார். வாந்திபேதியால் இறந்தவரின் துணிகளை அலசிய குளம். சுற்றியிருந்தவர்கள் குடித்ததும் அதே தண்ணீர். அதில் அந்தக் கிருமியைக் கண்டார். அந்தப் படித்துறை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியான படித்துறையில் நானும் குளித்து வளர்ந்தேன்.

பெட்டன்கோஃபர் தன் உடலையே பணயம் வைத்த நேர்மையை வணங்குகிறேன். ஆனாலும் பிழைத்த ஒருவரை வைத்து ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் கோட்டின் கீழே எழுதக்கூடியது 1 மட்டுமே.

மாசி

இதை எழுத இத்தனை மாதம் தயங்கினேன்.

போன வருட மாரியில் வெள்ளம் வந்து வீதிகள் மூடின. ஒரு ஊருக்குப் பி.எச்.ஐ. போக முடியவில்லை. தாளும் வரவில்லை. அந்த வாரம் சுவர் அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே நான் 0 போட்டேன். கட்டம் வெறுமையாக இருந்தால் அசிங்கமாகத் தெரியும் என்று போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த ஊரிலிருந்து மூன்று படிவம் வந்தது. மூன்றும் எலிக்காய்ச்சல், மூன்றும் ஒரே வீடு, வெள்ளம் வடியாத வயல் வட்டையில் இறங்கி வேலை செய்தவர்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், நான் 0 போட்ட அதே வாரம்.

மூவரும் பிழைத்தார்கள். என் கணக்கால் அல்ல.

கடிதத்தை அந்தப் பூச்சியத்திலிருந்து தொடங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. ஆட்கள் எண்ணப்படாத இடத்தில் எப்படி வகுப்பது, வராத தாளை எப்படிக் கணக்கில் கொள்வது, இது இரண்டையும் கற்றுக்கொண்டு படுவான்கரைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினேன்.

அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப காய்ச்சலப் படிக்கப் போகல்ல. எண்ணப் படிக்கப் போறாய்" என்றா.

பங்குனி, வெள்ளிக்கிழமை

விண்ணப்பம் போய்விட்டது. பதில் வர நாளாகும்.

இன்றைக்கும் அந்த ஊரிலிருந்து தாள் வரவில்லை. பி.எச்.ஐ. ஐயாவுக்கு ஃபோன் எடுத்தேன். காலையில்தான் போய் வந்தாராம், வீட்டு வீடாகக் கேட்டாராம். "ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல தங்கச்சி."

பேனையை எடுத்து 0 என்று எழுதினேன்.