கேட்டுக் கொடுத்தல்

ஈகை என்பது அறங்களுள் தலையாயது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் கொடுக்கும் பொருள் பெறுவோர்க்கு வேண்டியதுதானா, கொடுத்த அன்றே நம் கடமை முடிந்து விடுகிறதா, அவர்க்கு வேண்டியது நம் நெறிக்கு ஒவ்வாததாய் இருப்பின் என் செய்வது என்ற வினாக்களை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்கே ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான் இவை எழுந்தன. எழுப்பியவர் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் மீன் விற்று வாழ்ந்த ஓர் அம்மையார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பணியிலிருந்தோம். நம் ஊரார் ஒரு வாரத்தில் துணி மூட்டைகளும் அரிசியும் திரட்டி ஒரு லாரியை நிரப்பினர். லாரியின் முகப்பில் நம் சங்கத்தின் பெயர் தாங்கிய துணிப் பதாகை கட்டப்பட்டது. பயிற்சி மாணவியர் பதின்மரோடு நாமும் புறப்பட்டோம். மனம் நிறைந்திருந்தது என்பதை மறைப்பானேன்!

நாகையை நெருங்க நெருங்கச் சாலையின் இரு மருங்கிலும் துணிக் குவியல்களைக் கண்டோம். கிழிந்த சட்டைகள், கம்பளி ஆடைகள், பொத்தானற்ற கால்சட்டைகள். நமக்கு முன்னே வந்த பல லாரிகள் கொட்டிவிட்டுச் சென்றவை அவை. நகராட்சிப் பணியாளர்கள் அவற்றை வாரி அப்புறப்படுத்திக் கொண்டிருந்தனர். இறந்தோரை எடுத்து முடித்த கைகளுக்கு அடுத்த வேலையாக அவற்றை நாம் அனுப்பியிருந்தோம்.

ஒரு குப்பத்தில் இறங்கிச் சேலைகளைப் பிரித்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாங்க மறுத்தார். கோபமில்லை, சோர்வுதான் இருந்தது. "டீச்சரம்மா, சீலை நெறையக் கெடக்கு. ஒரு அன்னக்கூடையும் கையில ரெண்டாயிரம் ரூவாயும் குடுத்தீங்கன்னா, படகு கடலுக்குப் போறப்ப என் யாவாரத்த நான் பாத்துக்குவேன்" என்றார். அன்னக்கூடை என்பது மீன் சுமக்கும் அகன்ற அலுமினியப் பாத்திரம்.

நாம் விடை கூறவில்லை. ஒரு சேலையை அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் ஜினாலய மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தோம். பெரியவர் ஒருவர் தெளிவாகவே பேசினார். தீவினை தானே செய்வதனால் மட்டுமன்று, பிறரைக் கொண்டு செய்விப்பதனாலும், செய்வதற்கு உடன்படுவதனாலும் வந்து சேரும் என்பது நாம் அறிந்த கோட்பாடு. வலையும் படகும் வாங்கிக் கொடுத்தல் செய்வித்தலாகும். மீன்கூடை கொடுத்தல் உடன்படுதலாகும் என்றார் அவர். இளைஞர் ஒருவர் எழுந்து, "அவர்கள் பட்டினி கிடப்பதற்கு உடன்படுவது மட்டும் எவ்வகையைச் சேரும்?" என்று கேட்டார். கூட்டத்தில் ஓசையே இல்லை. அன்று நாம் பெரியவர் பக்கமே பேசினோம். இன்று அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் அன்று இருந்த உறுதி இன்று இல்லை.

இவ்விடத்தில் படகுகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நமக்கிருந்த தயக்கம் பிறர்க்கு இல்லை. உலகெங்கிலுமிருந்து பணம் வந்தது. படகுதான் கண்ணுக்குத் தெரியும் கொடை. அதன் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரையும் எழுதலாம். ஓரிரு ஆண்டுகளில் பேரலைக்கு முன்பிருந்ததைவிட மிகுதியான கண்ணாடியிழைப் படகுகள் பல கரைகளில் நின்றன. சில படகுகளின் தரமோ கடலுக்கு ஏற்றதன்று. கூலிக்குச் சென்றவரும் படகுக்கு உடையவராகவே, ஆள் கிடைக்காமல் கரையில் கிடந்தவையும் உண்டு. கடலில் மீன் மிகுதியாகிவிடவில்லை, வலைதான் மிகுதியாயிற்று. மறுபுறம், படகு இல்லாத மீன் விற்கும் பெண்டிரும், கரையில் கூலி செய்தோரும், ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலில் இடம் பெறாத தலித் மக்களும் இருளரும் பல இடங்களில் விடுபட்டனர். படகு கொடுத்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவே. சேலை கொண்டு சென்ற நாமும் கேட்கவில்லை. படகு கொடுக்காத நாமும் கொடுத்த அவர்களும் இந்த ஒன்றில் வேறுபட்டிலோம்.

கேட்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். பேரலைக்குப் பின் சில நாள்களிலேயே நாகை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு முன்னின்றது. எந்த ஊரில் யார் என்ன செய்கின்றனர், எந்த ஊர் விடுபட்டது என்று எழுதி வைப்பதே அதன் முதல் வேலை. குஜராத்தில் 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப் பின், நம் சமயத்தார் பலர் வாழும் கட்ச் பகுதியில் இவ்வாறு சில ஊர்களுக்கு ஒன்றாக நிலையங்கள் அமைத்து, 'சேது' எனப் பெயரிட்டிருந்தனர். கேட்போர்க்கும் கொடுப்போர்க்கும் இடையே பாலம் என்பது பொருள். அங்கே அரசு பணத்தைத் தவணைகளாகத் தர, பொறியாளர் சரிபார்க்க, பெரும்பாலோர் தம் வீட்டைத் தாமே கட்டிக் கொண்டனர். அந்தப் பட்டறிவு நாகைக்கும் வந்தது.

மார்ச்சுத் திங்களில் மீண்டும் நாகை சென்றபோது அம்மையத்திற்குப் போனோம். நம் மாணவியர் வயதேயுடைய ஒரு பெண் தாளும் பேனாவுமாக அமர்ந்திருந்தார். "என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை. "உங்களால் என்ன செய்ய முடியும்? எத்தனை மாதம் செய்வீர்கள்?" என்றார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நமக்கு அந்த இரண்டாம் வினா சுருக்கென்றது. லாரி ஒரு நாளில் திரும்பிவிடும். மாதக் கணக்கு லாரிக்குத் தெரியாது.

மாலை வகுப்பு நடத்துவதாக எழுதிக் கொடுத்தோம். பணி நிறைவு பெற்று வீட்டிலிருந்த ஆசிரியைகள் சிலர் முறை வைத்து அங்கே தங்கினர். விடுமுறைகளில் மாணவியரும் சென்றனர். தற்காலிகக் குடியிருப்புகள் தார் அட்டையால் ஆனவை. பகலில் உள்ளே இருக்க இயலாது. ஆகவே பொழுது சாய்ந்த பின் வெளியே பாய் விரித்துப் பாடம் நடந்தது. சில திங்களுக்கென எழுப்பிய அக்கொட்டகைகளில் பல குடும்பங்கள் ஈராண்டுக்கு மேலும் கிடந்தன. 2005ஆம் ஆண்டு இறுதியில் பெய்த மழையில் பல கொட்டகைகளில் நீர் புகுந்தது. பிள்ளைகள் நோட்டுகளை நெகிழிப் பையில் கட்டிக் கூரைக் கழியில் தொங்கவிட்டிருந்தனர். அதைச் சொல்லிக் கொடுத்தவர் நாமல்லோம்.

புது வீடுகளின் கதை நீண்டது. 2005 மார்ச்சு 30ஆம் நாளிட்ட அரசாணை 172, கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்தோர் உள்ளே தள்ளிக் குடியேறினால் புது வீடு உண்டென்றும், பழைய மனையை விட்டுத்தர வேண்டும் என்றும் கூறியது. அங்கேயே இருக்க விரும்புவோர் தம் செலவில் பழுது பார்த்துக் கொள்ளலாம். உயிர்க் காப்பு நோக்கில் இதனைக் குறை கூற முடியாது. ஆனால் கடலின் நிறம் பார்த்துத் தொழிலுக்குப் புறப்படுகின்றவன் கடல் தெரியாத வீட்டிலிருந்து எதைப் பார்ப்பான்? ஒரே அளவில் வரிசை வீடுகள் கட்ட, சில ஊர்களில் இடம் காலி செய்து தரும்படி ஒப்பந்தக்காரர்கள் கேட்டனர். நிழல் தந்த மரங்களும், அலைக்குத் தப்பி நின்ற வீடுகளும்கூட இடிபட்டன. வீடு கொடுப்பதில் உயிர்க்கொலை இல்லை என்று நிம்மதியாக இருந்த நாம் இதைக் கேட்டு வாய் மூடினோம். ஒரு பூவரச மரத்தில் எத்தனை உயிர்கள் குடியிருந்தன என்று யார் எண்ணினர்?

இனி அந்த அம்மையாரின் கூடைக்கு வருவோம். நாம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பெயரையும் தேவையையும் மையத்தின் பட்டியலில் எழுதி வைத்தவர் நம் மாணவியருள் ஒருவர். வேறொரு நிறுவனம் கூடையும் முதலும் கொடுத்தது. மீன் விற்ற காசில் அவர் தம் மகளுக்கு நோட்டுகளும் விளக்கும் வாங்கினார். அம்மகள் நம் பாயில் அமர்ந்து படித்தாள். ஒருங்கிணைப்பு என்பதன் பயன் இது: ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை, தம்மால் இயல்வதைக் கொடுத்து, இயலாததைப் பிறர் அறியும்படி சொல்லிவிடலாம்.

இதில் நமக்கு முழு நிறைவு உண்டா? இல்லை. பட்டியலில் எழுதியதும் உடன்படுதல்தானே என்று மண்டபத்துப் பெரியவர் பின்னர் நம்மைக் கேட்டார். ஆம் என்றே சொன்னோம். பிறர் வாங்கித் தந்த கூடையால் வந்த காசு நம் வகுப்பைத் தாங்கியிருக்க, நம் கை மட்டும் தூயது என்று சொல்லிக்கொள்ள நமக்கு நா எழவில்லை. அதே வேளையில், வலை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, தலையசைத்துவிட்டு அந்த மாதத்து ஆசிரியைகளின் பேருந்துக் கட்டணத்தைத் தாமே கொடுத்தார்.

இருபது ஆண்டுகள் சென்றன. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இம்முறை நம் விழுப்புரம் மாவட்டமே நீரில் மூழ்கியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. நெல் அழுகியது, கிணறுகள் தூர்ந்தன. துணி மூட்டைகளோடு வந்த வண்டி ஒன்றை நம் இளைஞர்கள் பணிவோடு திருப்பி அனுப்பினர்.

பிறகு அவர்கள் நீண்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நம் தெரு, அடுத்த தெரு, காலனி என்று வீடு வீடாகச் சென்றனர். பெயர், இழந்தது, கேட்பது, யார் தருவது, எப்போது வரை என்று ஐந்து கட்டங்கள். எழுத்துப் பிழை திருத்தித் தரும்படி அதை நம்மிடம் கொண்டு வந்தனர். விதைநெல், மோட்டார், பள்ளிச் சான்றிதழ் எனக் கேட்டவற்றுக்கெல்லாம் எதிரே ஒரு பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ஏழு ஆடுகளை வெள்ளத்தில் இழந்த கைம்பெண் ஒருவர் ஆடுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் ஆடு வளர்ப்பது விற்பதற்கு. அவை எங்கே போய்ச் சேரும் என்பது எல்லோரும் அறிந்ததே. நான்காம் கட்டம் வெறுமையாக இருந்தது. "என்ன எழுத, டீச்சர்?" என்று நின்றனர். அவரிடம் இன்னொரு முறை போய்ப் பேசிவிட்டு வருவோம் என்று சொல்லிச் செருப்பைத் தேடினோம்.